சாயம் காய்வதற்குள்

இரண்டு வருடங்களுக்கு முன், சரஸ்வதி பூஜை முடிந்த கையோடு நானும் என் கணவரும் இரண்டு இரவு தங்குவதாகப் பொன்முடி மலைக்குப் போயிருந்தோம். அங்கே நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். இன்றைக்கு நினைத்தாலும் முதலில் தலையில் அடித்துக்கொள்வேன், அப்புறம்தான் சிரிப்பு வரும்.

அதற்கு முன்னால் என் பைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். திருவனந்தபுரத்தில் கரமனையில் குடியிருக்கிறோம். மூன்று தலைமுறைக்கு முன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்த குடும்பம். பகலெல்லாம் எனக்கு அலுவலகத்தில் கோப்புகள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் துணி. குவில்ட் என்கிறார்களே, அந்த ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதுதான் என் பொழுதுபோக்கு. சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிய துணிகளைச் சேர்த்து மேல்பக்கம், நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போட வேண்டும். ஒரு போர்வைக்கு நாலு மாதமும் ஆகும், பத்து மாதமும் ஆகும்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு வைத்து வருடக்கணக்காகிறது. அதில் பாதி இடம் மிஷினுக்கு, பாதி வெட்டிய துண்டுகளுக்கு. என் கணவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "உக்காரதுக்கு முன்னாடி ஸோபாவ ஒண்ணு தடவிப் பாத்துக்கோங்க, கேட்டீங்களா." ஒரு தடவை அவருடைய மேலதிகாரியே ஊசிமேல் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கதையை விட்டுவிடுவோம்.

வெளியூர் போனாலும் இதே கதைதான். கோயிலுக்குப் போனால் எல்லோரும் அண்ணாந்து கோபுரம் பார்ப்பார்கள், நான் குனிந்து தரையில் கல் பாவியிருக்கும் தினுசைப் பார்த்துப் படம் வரைந்து கொண்டிருப்பேன். விழிஞ்ஞத்துக்கு மீன் வாங்கப் போய், படகுகளில் மஞ்சளுக்குப் பக்கத்தில் நீலம் அடித்திருக்கும் அழகைப் பார்த்து நின்றதில் மீன் தீர்ந்துபோன நாளும் உண்டு. தைத்து முடித்த போர்வையை எங்கேயாவது அழகான இடத்துக்குக் கொண்டுபோய்ப் படம் எடுப்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வழக்கம். என் கணவர் போர்வையின் பின்னால் நின்று இரண்டு கையாலும் தூக்கிப் பிடிப்பார். படத்தில் அவருடைய விரல்களும் பாதங்களும் மட்டும் தெரியும். போர்வை தைக்கிறவர்கள் நாற்பது பேர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். அந்த நாற்பது பேருக்கும் அவர் முகம் தெரியாது, கால் தெரியும்.

அந்தக் குழுவில் நான்தான் கிட்டத்தட்ட வாத்தியார். புதிதாக யார் வந்தாலும் நான் சொல்லும் முதல் பாடம், புதுத் துணியைக் கழுவாமல் வெட்டாதே என்பதுதான். கழுவாத துணியில் சாயம் நிற்கிறதா ஓடுகிறதா என்பது யாருக்கும் தெரியாது. பதினைந்து வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கீழ்வீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். அந்த அம்மாவின் கணவர் அரசு பஸ் ஓட்டியவர். வெகுகாலம் பொன்முடி வண்டிதான் அவருக்கு. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார் என்று மகள் பெருமையாகச் சொல்வாள். ஒருநாள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அது நடந்து ஒரு வருடத்தில் மகளுக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்தது. அந்த அம்மா ஒரு சாயங்காலம் கையில் ஒரு பையோடு மாடி ஏறி வந்தாள். உள்ளே அவருடைய இரண்டு காக்கிச் சட்டைகள், மூன்று வெள்ளை வேஷ்டிகள்.

"சேச்சி, அவ போற ஊர்ல பயங்கரத் தணுப்பாம். அச்சன் உடுத்ததுல பாக்கி உள்ளது இதுதான். ஒரு போர்வையா ஆக்கித் தர முடியுமோ?" என்று கேட்டாள். தணுப்பு என்றால் குளிர், அச்சன் என்றால் அப்பா; எங்களோடு பேசிப் பேசி அவளுக்குத் தமிழும் மலையாளமும் ஒன்றாகிவிட்டது. முடியும் என்று நான் சொன்னதும் அந்தப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, கொடுத்த பிறகும் அதன் காதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முதல் சட்டையில் கத்தரி வைப்பதற்கு முன் மூன்று தடவை அளந்து பார்த்தேன். தப்பாக வெட்டிவிட்டால் கடைக்குப் போய் வாங்கி வரக்கூடிய துணியா அது? நாலு மாதம் தைத்தேன். ஒரு சட்டைப் பையைப் பிரிக்காமல் அப்படியே போர்வையின் நடுவில் வைத்துத் தைத்தேன். உள்ளே கைவிட்டால் கை நுழைய வேண்டும். அந்தப் பெண் அங்கே குளிரில் படுத்துக்கொண்டு அப்பாவின் பைக்குள் கை வைத்துக்கொள்ளட்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

துர்காஷ்டமி அன்றைக்கு ஓரப்பட்டை மட்டும்தான் பாக்கி. இங்கே பூஜை வைப்பு என்று சொல்வோம். அன்று சாயங்காலம் புத்தகங்களையும் தொழில் கருவிகளையும் சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் எடுக்கும்வரை தொடக்கூடாது. எங்கள் வீட்டில் மிஷின், கத்தரிக்கோல், ஊசி டப்பா எல்லாம் பூஜையில் இருக்கும். விஜயதசமிக்கு மறுநாள் காலையில் பொன்முடிக்குக் கிளம்ப வேண்டும். அடுத்த புதன்கிழமை அந்தப் பெண்ணுக்கு விமானம். ஆகவே அஷ்டமி அன்று சாயங்காலம் பூஜை வைப்பதற்குள் முடித்தே ஆக வேண்டும்.

ஓரத்துக்கும் காக்கியையே வைத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் மத்தியானம் போர்வையைத் தரையில் விரித்துப் பார்த்தபோது காக்கியும் வெள்ளையுமாக முகம் செத்துக் கிடப்பது போலத் தோன்றியது. சட்டென்று அவர் ஓட்டிய கேரள அரசு பஸ்ஸின் சிவப்பு ஞாபகம் வந்தது. சுற்றிலும் ஒரு சிவப்புப் பட்டை! அந்த யோசனை வந்த பிறகு என்னை யார் நிறுத்த முடியும்? ஆட்டோ பிடித்துச் சாலைக் கடைவீதிக்கு ஓடினேன். ஆறு கடை ஏறி, நினைத்த சிவப்பைக் கண்டுபிடித்து வீடு வந்தபோது மணி நாலு. கழுவி, காயவைத்து, தேய்க்க நேரம் ஏது? ஒரு தடவைதானே, பார்த்தால் நல்ல துணியாகத்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊருக்குத்தான் உபதேசம், எனக்கு இல்லை. விளக்கேற்றும் நேரத்துக்கு ஓரம் அடித்து முடித்து, மிஷினுக்குச் சந்தனம் வைத்தேன். போர்வை அவ்வளவு அழகாக இருந்தது. பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் எனக்கு இரண்டாவது யோசனை வந்தது. பொன்முடிக்குத்தானே போகிறோம், அவர் பஸ் ஓட்டிய அந்த வளைவில் வைத்தே போர்வையைப் படம் எடுத்து, அந்தப் பெண்ணிடம் போர்வையோடு படத்தையும் கொடுத்தால் எப்படி இருக்கும்? கழுவினால் புதுப் போர்வையின் மிடுக்கு போய்விடும், படம் எடுத்த பிறகு கழுவிக்கொள்ளலாம் என்று அப்படியே பையில் வைத்துக்கொண்டேன்.

பொன்முடியில் இரண்டாம் நாள் காலை, தங்கியிருந்த ஹோட்டலிலிருந்து காரில் கொஞ்சம் கீழே இறங்கி, ஒரு வளைவுக்கு மேலே நல்ல இடமாகப் பார்த்து நின்றோம். சுற்றிலும் தேயிலை, கீழே வளைந்து வளைந்து ரோடு. கணவர் வழக்கம்போலப் பின்னால் நின்று போர்வையைத் தூக்கிப் பிடித்தார். பத்துப் படம் எடுத்தேன். போதும் என்று திரும்பியிருக்க வேண்டும். ஆனால் கீழே வளைவில் ஒரு சிவப்பு பஸ் வந்தால் படம் எங்கேயோ போய்விடுமே! அந்த மலைக்கு நாளுக்குச் சில பஸ்கள்தான். ஒன்பதரைக்கு ஒன்று வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"கோடை ஏறுது, மழை பெய்யும், போதும் வா," என்றார் போர்வைக்குப் பின்னாலிருந்து. கோடை என்று அவர் சொல்வது மூடுபனியை. எங்கள் ஊர் மலையாளம்.

"ரெண்டே நிமிஷம். இப்ப வந்துரும்."

பஸ் வரவில்லை, மழைதான் வந்தது. பொன்முடி மழை முன்னறிவிப்பெல்லாம் கொடுக்காது. வெள்ளையாக ஒரு திரை மேலே ஏறி வந்தது, அடுத்த நொடி நாங்கள் முழுக்க நனைந்திருந்தோம். காரை நிறுத்திய இடம் தூரம். போர்வையைப் பிடுங்கி, சுருட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். அந்தச் சுருட்டியதும் அணைத்ததும்தான் நான் செய்த பெரிய தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

அறைக்கு வந்து கட்டிலில் விரித்தேன். வெள்ளை வேஷ்டித் துண்டுகளின் ஓரமெல்லாம் ரோஜா நிறத்தில் சாயம் இறங்கியிருந்தது. சுருட்டியதில் ஓரப்பட்டை எங்கெங்கே அழுந்தியதோ அங்கெல்லாம் நடுப்போர்வையிலும் கோடு கோடாகச் சிவப்பு. சட்டைப் பையின் வாய்க்குப் பக்கத்திலும் ஒன்று. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னுடைய துணியாக இருந்தால் இரண்டு நாள் அழுதுவிட்டு வேறு தைத்துவிடுவேன். இது அந்த அம்மா பையின் காதை விடாமல் பிடித்துக்கொண்டு கொடுத்தது. இதற்கு மாற்று உலகத்தில் எங்கேயும் கிடையாது.

"அதொண்ணும் சாரமில்ல, கழுவினாப் போயிரும்," என்று கணவர் சொன்னார். பரவாயில்லை என்பதை இங்கே அப்படித்தான் சொல்வோம்; அவருக்கு எல்லாமே சாரமில்லாததுதான். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. ஈரம் இருக்கிறவரை சாயம் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் முதலில் இதைக் காயவைக்க வேண்டும். வெளியில் வெயில் இல்லை. கீழே போன் செய்து இஸ்திரிப் பெட்டி கேட்டேன்.

பெட்டியைக் கொண்டு வந்தது, ஹோட்டலில் துணி வெளுக்கிற பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள், கை இரண்டும் ஈரம். நான் பெட்டியைச் சுவரில் சொருகிச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், நேராக வந்து ஸ்விட்சை அணைத்தாள்.

"என்னக்கா பண்ணுதீய? பெட்டிய மட்டும் வச்சிட்டீயன்னா இந்தச் செவப்பு செத்தாலும் போவாது. மொதல்ல இத நனைக்கணும்."

நனைந்து நாசமானதை இன்னும் நனைப்பதா? எனக்குக் கோபமே வந்தது. பதினைந்து வருடமாக இதைச் செய்கிறவள் நான், எனக்குத் தெரியாதா என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் சாயப்பட்டறையில் ஆறு வருடம் வேலை பார்த்ததாக ஒரே வரியில் சொன்னாள். போர்வையை மடிக்காமல், ஒரு பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு முழங்கையிலும் ஏந்திக்கொண்டு படியிறங்கிவிட்டாள். நான் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினேன்.

துணி வெளுக்கும் கூடம் ஹோட்டலின் பின்புறம். ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி, பக்கத்தில் வெந்நீர் பாய்லர். தொட்டியில் அன்றைய படுக்கை விரிப்புகள் ஊறிக்கொண்டிருந்தன. அவள் அத்தனையையும் வாரித் தரையில் போட்டுவிட்டு, தொட்டியைக் கழுவி, வெந்நீரைத் திறந்துவிட்டாள். கை வைக்க முடியாத சூடு. தொட்டி நிறைய, நிறையத் தண்ணீர். சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தை ஒரு செம்பு நிறையக் கொண்டு வந்து ஊற்றினாள். அப்புறம் போர்வையை அதில் இறக்கப் போனாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வெந்நீரில் அது இறங்கினால் எல்லாச் சிவப்பும் எல்லா வெள்ளையிலும் ஏறி, மொத்தப் போர்வையும் ரோஜா நிறமாகிவிடும் என்றுதான் என் பதினைந்து வருட அறிவு சொன்னது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, சாயத்துக்கு ஓடதுக்கு எடம் வேணும். தண்ணி கொறச்சலா இருந்தா பக்கத்துத் துணியிலதான் போயி ஒக்காரும். தண்ணி நெறைய இருந்தா தண்ணியோட போயிரும். நேரம் ஆவுது, கைய எடுங்க."

கையை எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவள் குரலில் சந்தேகம் என்பது ஒரு பொட்டுகூட இல்லை, அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்ததைப் பார்த்தேனே, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். போர்வையைக் கசக்கவில்லை, முறுக்கவில்லை, ஓர் இடத்திலும் ஒன்றன்மேல் ஒன்று படிய விடவில்லை. ஒரு மழமழப்பான கழியால் மெதுவாக அமிழ்த்துவதும் தூக்குவதுமாகத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சாயம் ஒரு பக்கம் திரண்டால் அந்தப் பக்கத்துக்குத் தண்ணீரைக் கலக்கிவிட்டாள். சமையலறையிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையைக் கொண்டு வரச் சொல்லி, அதில் தண்ணீரை மொண்டு வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதல் தண்ணீர் நன்னாரி சர்பத் மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவளுக்கோ திருப்தி. வெளியே வந்ததெல்லாம் துணியில் இல்லை என்று அர்த்தம், அழாதீர்கள் என்றாள்.

அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டு மறுபடி வெந்நீர், மறுபடி சோப்பு, மறுபடி கழி. மறுபடி கோப்பை. இரண்டாவது தண்ணீர் வெளிறியது. நடுவில் ஒரு தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். உங்களுக்கு வேலை கெடுகிறதா என்று கேட்டேன். "கெடுது கெடுது," என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது தண்ணீரைத் திறந்தாள். நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். பாய்லரில் வெந்நீர் தீர்ந்து, மறுபடி காய்கிறவரை காத்திருந்தோம். அந்த நேரத்திலும் போர்வை தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றாள், ஒரு நூல்கூடக் காயக்கூடாதாம்.

நாலாவது தண்ணீரைக் கோப்பையில் மொண்டு பார்த்தபோது மணி இரண்டரைக்கு மேல். கோப்பையில் தண்ணீர் இருக்கிறதா என்று சந்தேகப்படும்படி அவ்வளவு தெளிவு. அவள் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தாள். பாய்லர் பக்கத்துச் சூட்டில், வெயில் படாத இடத்தில், அடியிலும் மேலும் பழைய விரிப்புகளைப் போட்டுப் போர்வையைப் பரத்தினாள். அதன் பிறகுதான் தரையில் கிடந்த விரிப்புகள் பக்கம் திரும்பினாள். பாய்லரில் வெந்நீர் இல்லை. பச்சைத் தண்ணீரில், அந்தக் குளிரில், அத்தனையையும் அடித்துத் துவைத்தாள். நானும் கூட நின்று அலசினேன். பத்து விரிப்புக்குள் என் கை மரத்துவிட்டது. அவள் கை நிற்கவில்லை.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக இருந்தது. சிவப்பு சிவப்பாகவே இருந்தது. சட்டைப் பையின் வாயோரம் மட்டும், புளியங்கொட்டை அளவுக்கு, தேடினால் தெரிகிற மாதிரி ஒரு மங்கலான ரோஜாப் பொட்டு. எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. "இந்த எடம் மட்டும் ரூமுலயே காஞ்சிட்டு போல. இது போவாதுக்கா," என்று விரலால் அதைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் காலையில் டீ குடிக்கும்போது ஹோட்டல் வரவேற்பில் இருந்தவரிடம் அவளைப் பற்றிப் புகழ்ந்து சொன்னேன். அவர் ஆச்சரியமாக, அவள் நேற்றே ஊருக்குப் போயிருக்க வேண்டுமே என்றார். விஷயம் இதுதான். புளியங்குடியில் அக்கா வீட்டில் அவளுடைய பெண் குழந்தை இருக்கிறது, எட்டு வயது. புருஷனும் அவளும் இங்கே வேலை பார்க்கிறார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை இரண்டு நாள் லீவு. நேற்று மத்தியானம் இரண்டு மணி பஸ்ஸில் மலை இறங்கினால்தான் இரவுக்குள் குழந்தையிடம் போய்ச் சேரலாம். அந்த பஸ்ஸை விட்டதில் இரண்டு நாளில் ஒரு நாள் போயே போய்விட்டது. கடிகாரத்தை அவள் எதற்குப் பார்த்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படத்தில் ஒரு பஸ் வர வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்கு, அவள் தன் பஸ்ஸை விட்டிருக்கிறாள். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வெளியே பார்த்தால், கையில் ஒரு துணிப்பையோடு அவள் ரோட்டோரத்தில் காலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் மத்தியானம் கிளம்புவதாக இருந்தது. அப்போதே மூட்டையைக் கட்டிக்கொண்டு அவளைக் காரில் ஏற்றினோம். நெடுமங்காட்டில் இறக்கிவிட்டால் போதும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். விதுரா வந்ததும் என் கணவர் வண்டியைப் பாலோடு என்கிற ஊர்ப் பக்கம் திருப்பினார். தென்மலை வழியாகச் செங்கோட்டை வரைக்கும் கொண்டு விடுவது என்று அவர் பாட்டுக்கு முடிவு செய்துவிட்டார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்த நாள் வேறு இல்லை என்றே சொல்வேன்.

பின் சீட்டில் நானும் அவளும். நடுவில் போர்வை. காய்ந்து, முன்னைவிட மெத்தென்று ஆகியிருந்தது. அவள் அதைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத் தையலைப் பார்த்தாள். இவ்வளவும் கையாலா என்று கேட்டாள். நல்ல துணியை எதற்கு வெட்டித் திரும்பவும் ஒட்டுப் போட வேண்டும் என்றும் கேட்டாள். என் கணவர் முன்னாலிருந்து, "இத நான் கேட்டு வருஷம் பதினஞ்சாச்சு, உத்தரம் கிடைக்கல," என்றார். மூவரும் சிரித்தோம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது யாருடைய துணி, யாருக்குப் போகிற போர்வை என்று அவள் இதுவரை கேட்கவே இல்லை. தெரிந்துகொள்ளாமலே ஒரு நாளைக் கொடுத்திருக்கிறாள். நான் சொன்னேன். சட்டைப் பையில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, போர்வையை நல்ல பக்கம் தெரிய மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தையிடம் போகிற பஸ்ஸை எதற்காக விட்டாய் என்று கேட்டேன்.

"சாயம் காயுததுக்குள்ள பாக்கணும்லாக்கா. பஸ்ஸு நாளைக்கும் வரும்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. பெரிய தியாகம் செய்துவிட்ட தோரணை எதுவும் அதில் இல்லை. பால் பொங்கினால் அடுப்பை அணைக்கிற மாதிரி ஒரு காரியம் அது அவளுக்கு. செங்கோட்டையில் இறங்கும்போது என் கணவர் நீட்டியதை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அக்கா வீட்டு விலாசத்தை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கரமனைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கீழ்வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் கொடுத்திருந்தால் அந்தப் பொட்டு அவர்கள் கண்ணில் படாமலே போயிருக்கலாம். ஒரு நிமிஷம் அப்படியும் நினைத்தேன். ஆனால் ஒரு பஸ்ஸை விட்டவளின் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வந்த பிறகு அது முடியவில்லை. கழுவாமல் தைத்தது, படத்துக்கு நின்றது, மழை, எல்லாவற்றையும் சொன்னேன். மகள் அந்த இடம் எங்கே என்று கேட்டாள். காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி, அச்சன் சட்டையில் இந்த இடத்துல எப்பவும் ஒரு கறை உண்டாயிருக்கும். சாயா குடிச்சுட்டு கை துடைக்கிறது இங்கேதான். அம்மா எத்தனை வழக்கு போட்டிருக்கு!" என்றாள். வழக்கு என்றால் இங்கே சண்டை. தாய் அப்போதுதான் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். புதன்கிழமை அந்தப் போர்வை விமானம் ஏறியது. அந்தப் பத்துப் படங்களும் அவள் போனில் போயின. பஸ் இல்லாத படங்கள்தான்.

மறுவாரமே நான் இன்னொரு போர்வை வெட்டத் தொடங்கினேன், புளியங்குடியில் இருக்கும் அந்த எட்டு வயதுக்காரிக்கு. மஞ்சள், நீலம், பச்சை, விழிஞ்ஞத்துப் படகுகளின் நிறமெல்லாம் அதில் உண்டு. வேண்டுமென்றே சிவப்பும் வைத்தேன், வெள்ளைக்குப் பக்கத்திலேயே வைத்தேன். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துணியையும் மூன்று தடவை வெந்நீரில் போட்டு, கோப்பையில் மொண்டு பார்த்தேன். நடந்ததையெல்லாம் வாட்ஸ்அப் குழுவிலும் ஒன்றுவிடாமல் எழுதினேன். வாத்தியாருக்கு நாற்பது பேரிடமிருந்தும் நல்ல கிண்டல் கிடைத்தது. வாங்கிக்கொண்டேன்.

மாசியில் போர்வையைத் தபாலில் அனுப்பினேன். பத்து நாள் கழித்து போன் வந்தது.

"அக்கா, போர்வ வந்துட்டு. நானும் ஊருக்கு வந்திருக்கேன். புள்ள கையில குடுக்கதுக்கு முன்னாடி, தப்பா நெனைக்காதீய, வெந்நியில ஒரு மணி நேரம் ஊறப் போட்டுப் பாத்துட்டேன்." ஒரு நொடி நிறுத்தினாள். "ஒரு பொட்டு ஓடலக்கா."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் என் போர்வைகளை எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள். பரிசுகூட ஒரு தடவை கிடைத்தது. இந்த 'ஓடல' என்ற சொல்லுக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. இன்றைக்கும் புதுத் துணி வாங்கி வந்தால், வெந்நீரில் போட்டு, ஒரு வெள்ளைக் கோப்பையில் தண்ணீரை மொண்டு வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்; அப்படிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும், எல்லாம் தெரிந்தவள் என்று நிமிர்ந்திருந்த என் தலை, பொன்முடியில் ஈரக் கையோடு நின்ற அவளுக்காகத் தானாகக் கொஞ்சம் குனிகிறது.